நெய்வேலிக்காரர் படிக்க வேண்டிய ஸ்பானிஷ் செய்திகள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், காலிசியா மாநிலத்தில், அஸ் பொந்தெஸ் என்றொரு ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி. பரப்பு 865 ஹெக்டேர். ஆழம் 200 மீட்டருக்கும் மேல். கொள்ளளவு 547 மில்லியன் கன மீட்டர், நம் கணக்கில் 19 டிஎம்சி. வீராணம் ஏரியைப் போல ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. 2008க்கு முன்னால் அந்த ஏரி கிடையாது. அங்கே இருந்தது எண்டெசா என்ற மின் நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். 2007 கடைசியில் நிலக்கரி தீர்ந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் எயுமே ஆற்றுத் தண்ணீரைக் குழிக்குள் திருப்பிவிட்டார்கள். நிரம்ப நான்கு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

பழுப்பு நிலக்கரி வெட்டும் நெய்வேலியில் வாழும் ஒருவர் இதைப் படித்தால் அடுத்தடுத்துக் கேள்விகள் எழும். குழியின் கரை சரியாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? தண்ணீரில் அமிலம் ஏறவில்லையா? வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள்? நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? இவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறது. பெரும்பகுதி ஸ்பானிஷில் இருக்கிறது. உள்ளூர் நாளிதழ்ச் செய்தி, தொழிற்சங்க அறிக்கை, நாடாளுமன்ற விவாதம், பொறியாளர்களின் கட்டுரை என்று ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஸ்பானிஷைக் கொஞ்சம் படித்துவிட்டு, மேலே ஏற வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

மேலே ஏறுவது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய மொழிகளில் தேர்ச்சியை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். வணக்கம் சொல்வதும், விலை கேட்பதும், வழி விசாரிப்பதும் முதல் இரண்டு படி. பயணக் கதை சொல்லவும், கடிதம் எழுதவும் தெரிந்தால் பி1. செல்பேசிச் செயலிகளும் மாலை நேர வகுப்புகளும் பெரும்பாலும் இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. பி2, சி1 படிகள் வேறு ரகம். ஒரு கருத்தை எடுத்து வாதாட வேண்டும். எதிர்த்தரப்பு சொல்வதைத் தொகுத்துச் சொல்ல வேண்டும். எழுதியவர் சொல்லாமல் விட்டதையும் பிடிக்க வேண்டும். ஓட்டலில் சூப் கேட்கும் உரையாடலை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் இது வராது. பேசுவதற்கு ஒரு விஷயம் வேண்டும்.

உலகெங்கும் மேல்நிலை ஸ்பானிஷ் வகுப்புகள் உலகமயத்தையும் நடப்புச் செய்திகளையும் பாடமாக வைப்பது இதனால்தான். விஷயத்தைக் கற்றபடியே மொழியைக் கற்பது என்ற முறைக்கு நல்ல முன்னோடி உண்டு. கனடாவின் கியூபெக்கில் சென் லாம்பேர் என்ற ஊரில், 1965இல், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் போராடி, தங்கள் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தச் செய்தார்கள். அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் மாணவர்கள் எழுதும் ஏபி ஸ்பானிஷ் தேர்விலும், நம் ஊர்ப் பன்னாட்டுப் பள்ளிகளில் நடக்கும் ஐபி திட்டத்திலும் சுற்றுச்சூழல், இடம்பெயர்வு, ஏற்றத்தாழ்வு போன்றவை பாடத்தலைப்புகளாகவே இருக்கின்றன. இந்தியாவில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் இஃப்லு பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷைப் பட்ட அளவில் படிக்கலாம்.

டெல்லியும் ஹைதராபாத்தும் தொலைவு. ஆனால் இந்த முறையில் படிக்க நெய்வேலிக்காரரிடம் ஏற்கெனவே ஒரு முதல் இருக்கிறது. அது விஷய ஞானம்.

உலகமயம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே உலகம் வந்து இறங்கிய ஊர் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பும் பழுப்புமாக ஏதோ வெளிப்பட்டது. 1956இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. 1962இல் அதன் முதல் அலகு ஓடியது. மேல்மண்ணை வாரும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. சோவியத் காலத்து அந்த 600 மெகாவாட் நிலையம் 2020இல் ஓய்ந்தது. இந்த வரலாற்றுக்குள் பிறந்து வளர்ந்தவருக்கு மின்சாரம், சுரங்கம், நிலம் எடுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை ஆகியவற்றைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. சொற்கள் மட்டும்தான் புதிது.

அந்தச் சொற்களும் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. அஸ் பொந்தெஸ் பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ‘ரோத்தோபாலா’ வரும். நெய்வேலிப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே பார்த்துவிடும் அதே பக்கெட் வீல்தான். ‘எஸ்தேரில்’ என்பது நிலக்கரிக்கு மேலே கிடக்கும், எடுத்துக் கொட்ட வேண்டிய மண். கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு ‘எஸ்கொம்ப்ரேரா’. ‘லிக்னித்தோ’வுக்கு விளக்கமே வேண்டாம். மதுரையிலோ கோவையிலோ படிப்பவர் அகராதியைப் புரட்டிப் புரட்டிக் களைத்துப்போகும் பக்கத்தை நெய்வேலிக்காரர் பாதி ஊகத்திலேயே கடந்துவிடுவார். தெரிந்த விஷயத்தை மொழி தெரியாமல் படிப்பது எளிது. தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் படிப்பதுதான் ஆளைச் சாய்த்துவிடும்.

சொற்களை விடக் கடினமான ஒன்று இலக்கணத்தில் இருக்கிறது. அதையும் செய்தித்தாள்தான் நன்றாகக் கற்றுத்தருகிறது. ஸ்பானிஷ் வினைக்கு இரண்டு கோலம் உண்டு. நடந்தது, நடப்பது என்று உறுதியாகச் சொல்ல ஒன்று. ஐயம், மறுப்பு, விருப்பம், அச்சம் ஆகியவற்றுக்கு இன்னொன்று. சுரங்கம் மூடப்படும் என்று அமைச்சர் உறுதிசெய்கிறார் என்றால், ‘எல் மினிஸ்த்ரோ அஃபிர்மா கே லா மினா சியெர்ரா’. மூடப்படும் என்பதை அவர் மறுக்கிறார் என்றால், ‘எல் மினிஸ்த்ரோ நியேகா கே லா மினா சியெர்ரே’. கடைசி உயிரெழுத்து மட்டும் மாறுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு மூன்று பக்கம் விதி இருக்கும். நான்கு நாள் தொடர்ந்து தொழிற்சங்கச் செய்தி படித்தால், அரசாங்கம் மறுக்கிற இடத்திலெல்லாம் வினை நிறம் மாறுவது தானாகக் கண்ணில் படத் தொடங்கும். மறுப்பும் ஐயமும் கோரிக்கையும் இல்லாத அரசியல் செய்தி எந்த நாட்டிலும் கிடையாதே!

இன்னொரு நுணுக்கத்தில் தமிழர்களுக்குத் தனி ஆதாயம் உண்டு. பிறர் சொல்லக் கேட்டதை, தான் உத்தரவாதம் தராமல் சொல்ல நமக்கு ஓர் ‘ஆம்’ போதும்: நிறுவனம் நிலத்தை விற்றுவிட்டதாம். லத்தீன் அமெரிக்கப் பத்திரிகைகள் இதையே வேறொரு வினைவடிவத்தால் செய்கின்றன: ‘லா எம்ப்ரேசா அப்ரீயா வெந்தீதோ லோஸ் தெர்ரேனோஸ்’. அந்த ‘அப்ரீயா’வைக் கவனிக்காமல் போனால் வதந்தியைச் செய்தி என்று நம்பிவிடுவோம். ஆங்கிலம் வழி ஸ்பானிஷ் கற்பவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். தமிழ் வழியே வருபவருக்கு ஒருமுறை சொன்னால் போதும். மாட்ரிட்டின் எல் பாயிஸ் நாளிதழ் தன் நடைக் கையேட்டில் இந்த வழக்கத்தைத் தடைசெய்திருக்கிறது. தெரிந்ததை எழுது, தெரியாததை எழுதாதே என்பது அவர்கள் வாதம். புயேனோஸ் ஐரெஸ் இதழ்களில் அது தாராளமாகப் புழங்குகிறது. ஒரே செய்தியை இரண்டு நகரங்களிலும் படித்துப் பார்ப்பது அருமையான பயிற்சி.

‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்ற அமைப்பும் ஸ்பானிஷில் அப்படியே இருக்கிறது. நான் என்று தொடங்காமல் எனக்கு என்று தொடங்குவார்கள். வந்தேன், வந்தாய் என்று விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் எழுவாயை விட்டுவிடும் பழக்கமும் இரு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டு கற்பதால்தான் இவையெல்லாம் விசித்திரமாகத் தெரிகின்றன.

பொருளாதாரச் செய்தியில் எண்கள் ஒரு பெரிய பள்ளம். ஆங்கிலத்து ‘பில்லியன்’ 100 கோடி. ஸ்பானிஷ் ‘பில்லோன்’ ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 100 கோடியைச் சொல்ல அவர்கள் ‘மில் மில்லோனெஸ்’, அதாவது ஆயிரம் மில்லியன் என்பார்கள். லட்சம் கோடி என்று எண்ணிப் பழகிய நமக்கு ‘பில்லோன்’ சட்டென்று பிடிபடும். புள்ளிக்கும் கமாவுக்கும்கூட நாட்டுக்கு நாடு வழக்கு வேறு: ஸ்பெயினில் தசமத்துக்குக் கமா போடுவார்கள், மெக்சிகோவில் புள்ளி. தொழிற்சங்கப் பெயர்களின் சுருக்கத்தில் எழுத்து இரட்டித்து வந்தால் அது பன்மை என்று பொருள். கொமிசியோனெஸ் ஒப்ரேராஸ் என்ற பெரிய சங்கத்தின் பெயரில் இரண்டு சியும் இரண்டு ஓவும் வருவது இதனால்தான்.

இந்த முறையின் உண்மையான வலு, மொழிப்பாடம் மறந்துபோய் விஷயத்தில் மனம் அமிழும் இடத்தில் தெரிகிறது. காலிசியாவிலேயே அஸ் என்க்ரோபாஸ் என்ற இன்னொரு ஊரின் கதை அப்படிப்பட்டது. அங்கும் பழுப்பு நிலக்கரி. அங்கும் விளைநிலம். சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்து இரண்டாண்டுகூட ஆகாத நேரம். 1977 பிப்ரவரி 15 அன்று நிலத்தைக் கையகப்படுத்த வந்தவர்களோடு துப்பாக்கி ஏந்திய சிவில் காவல்படையும் வந்தது. ஊர் மக்கள் எதிரே நின்றார்கள், முன்வரிசையில் பெண்கள். மழைக்காலம் என்பதால் கையில் குடை. குடையும் துப்பாக்கியும் எதிரெதிரே நிற்கும் அந்த நாளின் புகைப்படங்கள் காலிசியாவில் இன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. சுரங்கம் வந்தது, நிலம் போனது, கடைசியில் அந்தக் குழியும் ஏரியானது. அதன் நிலக்கரியை நம்பிக் கட்டிய மெய்ராமா மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது.

2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்கு அருகே வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியதைக் கண்டவர்களுக்கு அஸ் என்க்ரோபாஸ் வெறும் வாசிப்புப் பயிற்சி ஆகாது. இழப்பீடு போதுமா, வேலை உறுதி எங்கே, கையகப்படுத்திய பிறகும் உழுத நிலம் யாருடையது என்று கடலூர் மாவட்டத்தில் கேட்ட கேள்விகளை இன்னொரு மொழியில் இன்னொரு தலைமுறை கேட்டிருக்கிறது. ‘எக்ஸ்ப்ரோப்பியாசியோன்’ (நிலம் கையகப்படுத்தல்), ‘ஹுஸ்திப்ரேசியோ’ (அதற்குச் சட்டப்படி தரும் விலை) ஆகிய இரண்டும் நீதிமன்ற ஸ்பானிஷ். சி1 தேர்வுக்குப் படிப்பவர்கள்கூடத் தவறவிடும் சொற்கள். இந்தக் கதையோடு சேர்த்துப் படித்தவர் மறக்க மாட்டார்.

வேலை இழப்பின் கதையை வாசிக்க வடக்கு ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பக்கம் போக வேண்டும். நெய்வேலியில் முதல் அலகு ஓடத் தொடங்கிய அதே 1962இல் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் ஃபிராங்கோ ஆட்சியையே அசைத்த வேலைநிறுத்தத்தை நடத்தினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2012இல், மானியம் வெட்டப்பட்டதை எதிர்த்துச் சுரங்கத் தலைக்கவசத்தோடு மாட்ரிட் வரை நடந்தே போனார்கள். 2018 அக்டோபரில் அரசும் சங்கங்களும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன: 250 மில்லியன் யூரோ ஒதுக்கீடு, 48 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வூதியம், மற்றவர்களுக்கு மறுபயிற்சி, சுரங்கப் பகுதிகளைச் சீரமைக்கும் வேலை. ‘த்ரான்சிசியோன் ஹுஸ்தா’, நியாயமான மாற்றம், என்பது அதன் பெயர். அது எந்த அளவுக்கு நியாயமாக நடந்தது என்று அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்துப் படித்து, ஒரு பக்கத்தில் தன் முடிவை எழுதிப் பார்ப்பவர் பி2வைத் தாண்டிவிட்டார் என்றே சொல்லலாம். நிலக்கரிக்குப் பிறகு என்ன என்ற கேள்வி நெய்வேலிக்கும் வரத்தான் போகிறது. அதற்கு முன்பே வேறோர் ஊர் பட்ட பாட்டையும் பெற்ற பலனையும் மூலமொழியிலேயே படித்துவைத்த சிலர் இங்கே இருப்பது ஊருக்கு நல்லது.

2025 ஏப்ரல் 28. பகல் 12:33. ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருண்டன. ஐந்து நொடிக்குள் 15 கிகாவாட் மின்னுற்பத்தி கிரிட்டிலிருந்து காணாமல்போனது என்று பிரதமர் பெத்ரோ சான்செஸ் அறிவித்தார். ரயில்கள் நடுவழியில் நின்றன, வங்கி அட்டைகள் வேலை செய்யவில்லை, பழைய பேட்டரி ரேடியோவைச் சுற்றி ஜனம் கூடியது. ‘அபகோன்’ என்று அன்றைக்கு நாடே சொன்னது. மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதுதான் காரணம் என்று ஜூனில் அரசு அறிக்கை சொன்னது. யார் பொறுப்பு என்பதில் கிரிட் நிறுவனமும் மின் உற்பத்தியாளர்களும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்கு இந்த அறிக்கை துப்பறியும் கதை போல விறுவிறுப்பாக இருக்கும். சூரிய மின்சாரம் மிகுந்த ஒரு நண்பகலில் சுழலும் டர்பைன்கள் எத்தனை ஓட வேண்டும் என்ற விவாதம் நெய்வேலிக்கு அந்நியமானதா என்ன?

மொழியின் பரப்பையும் செய்திகளே காட்டுகின்றன. ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி, 20 நாடுகளின் ஆட்சிமொழி. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் மெக்சிகோவுக்கும் சிலிக்கும் பெருவுக்கும் போகின்றன. அதே கார் மாட்ரிட்டில் ‘கோச்செ’, மெக்சிகோவில் ‘கார்ரோ’, சிலியில் ‘ஆவுத்தோ’. வர்த்தக ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி விதிக்க 2025 டிசம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றம் முடிவெடுத்தது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. மெக்சிகோ சிட்டியில் ‘அரன்செல்’ என்று எழுதப்பட்ட ஒரு சொல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து உதிரிபாகப் பட்டறை வரை வந்து தட்டுகிறது. சென்னையின் குடிநீரிலும் ஸ்பெயின் உண்டு: 2010இல் திறந்த மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையத்தில் பெஃபெசா, 2024இல் திறந்த நெம்மேலி இரண்டாம் நிலையத்தில் கோப்ரா. ராணிப்பேட்டையிலும் பெருந்துறையிலும் குளியலறைச் சாதனங்கள் செய்யும் ரோக்கா பார்சிலோனா நிறுவனம். 2024 தொடக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஸ்பெயின் சென்றபோது விரிவாக்கத்துக்கு ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களில் ரோக்காவும் ஒன்று.

வானிலைச் செய்தியையும் விடக் கூடாது. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் கொட்டிய மழையில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் காரணமான வளிமண்டல அமைப்பின் சுருக்கப்பெயரான ‘தானா’வை அந்த ஆண்டின் சொல்லாக ஃபுந்தேவு என்ற மொழி அமைப்பு தேர்ந்தெடுத்தது. ஒரு மாதம் கழித்து ஃபெஞ்சல் புயலில் கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் மூழ்கின. எச்சரிக்கை ஏன் தாமதமாக வந்தது என்று வலென்சியா மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டதை வாசிக்கும் கடலூர்க்காரருக்கு அகராதி பெரிதாகத் தேவைப்படாது. ஆண்டுதோறும் ஃபுந்தேவு அறிவிக்கும் சொற்களை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே பத்தாண்டு வரலாறு விரியும்: 2015இல் அகதி, 2018இல் நுண்பிளாஸ்டிக், 2020இல் ஊரடங்கு, 2021இல் தடுப்பூசி.

எப்படித் தொடங்குவது? ஒரு செய்தியை முதலில் தமிழ் நாளிதழில் படித்துவிட வேண்டும். பிறகு அதே செய்தியை பிபிசியின் ஸ்பானிஷ் தளமான முண்டோவில் படித்தால் பாதி சுமை குறைந்திருக்கும். அந்தத் தளத்தின் நடை எல்லா நாட்டு வாசகர்களுக்குமாக எழுதப்படுவது. அதற்கடுத்து எல் பாயிஸ். காது பழக ரேடியோ ஆம்புலாந்தே இருக்கிறது. 2012இல் தொடங்கிய ஒலிப்பத்திரிகை. லத்தீன் அமெரிக்க மக்களின் உண்மைக் கதைகளைச் சொல்கிறது, பேச்சின் எழுத்து வடிவத்தையும் தருகிறது. முதலில் எழுத்து இல்லாமல், அடுத்து எழுத்தோடு, மூன்றாம் முறை மறுபடி எழுத்து இல்லாமல் கேட்டால் கொலம்பியரின் உச்சரிப்பும் அர்ஜென்டினரின் உச்சரிப்பும் பிரிந்து தெரியத் தொடங்கும். படித்ததை யாரிடமாவது சொல்லிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் படி. வீட்டில் ஸ்பானிஷ் தெரிந்தவர் இல்லையென்றால் செல்பேசியில் பதிவுசெய்து மறுநாள் கேட்கலாம்.

சான்றிதழ் வேண்டுவோருக்கு ஸ்பெயின் அரசின் சார்பில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே தேர்வு இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு டெல்லியில் கிளை உண்டு. சி1 நிலையில் ஓர் உரையைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தொகுத்து, தன் கருத்தையும் சேர்த்துக் கட்டுரையாக எழுதச் சொல்வார்கள். செய்தி வழியே படித்தவருக்கு அது தினமும் செய்த வேலை.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டால் அர்ஜென்டினாவின் கதாமார்க்காவைச் சொல்லலாம். இந்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் மூன்று சேர்ந்து உருவாக்கிய காபில், 2024 ஜனவரி 15 அன்று அந்த மாகாண அரசு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 15,703 ஹெக்டேரில் ஐந்து இடங்களில் லித்தியம் தேடும் உரிமையைப் பெற்றது. திட்டச் செலவு சுமார் 200 கோடி ரூபாய். லித்தியம் உப்புநீரில் கிடைக்கிறது. அதை எடுக்கும்போது வறண்ட மலைநாட்டின் தண்ணீர் என்னவாகும் என்று அங்குள்ள மக்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிலக்கரிக்காக நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கும் ஊரைச் சேர்ந்தவர் அந்தக் கேள்விகளை வாசிக்க வேண்டும். இந்த முறை நிலம் தோண்டப் போகிறவர்கள் நம் நாட்டு நிறுவனத்தார். கேள்வி கேட்பவர்கள் ஸ்பானிஷ் பேசுபவர்கள்.